நாலு கண்டென்சரும் ஒரு மன்னிப்பும்

பெண்டாட்டியின் மன்னிப்புக்கு விலை: நாலு கண்டென்சர், ஒரு ஃபியூஸ், மெக்கானிக்கின் கூலி.

விலையைக் கேட்டதும் புருஷனின் வாய் பழக்க தோஷத்தில் தானாகத் திறந்துகொண்டது. "பாதிக்குப் போடு."

"எதைப் பாதிக்குப் போடுறது முதலாளி?" என்றார் மெக்கானிக். அவருக்குப் பாதி மூடிய கண்கள். பேச்சும் பாதித் தூக்கத்திலிருந்து எழுந்து வருவதுபோல் வரும். "ஃபியூஸைப் பாதியா வெட்ட முடியாதே."

"கண்டென்சரை ரெண்டாக் குறை."

"நாலும் வீங்கிக் கிடக்கு."

"ரெண்டு நல்லா வீங்கியிருக்கு. மத்த ரெண்டும் சும்மா கொஞ்சம் உப்பியிருக்கு. எனக்கும்தான் சாயங்காலமானா கால் வீங்குது. மாத்தவா செய்றாங்க?"

மெக்கானிக் அவரையும் பார்த்தார், அவர் காலையும் பார்த்தார். பிறகு சால்டரிங் கம்பியைச் சூடேற்றப் போய்விட்டார்.

கடைத்தெருவில் இந்த முதலாளிக்குப் பெயர் அரைவிலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் மட்டும்தான் தெரியும். பட்டன் மொத்த வியாபாரம். யார் எந்த விலை சொன்னாலும் அதில் பாதியில் ஆரம்பிப்பார். டாக்டர் தினம் இரண்டு மாத்திரை என்றபோது "ஒண்ணுல முடிச்சுக்குங்களேன் டாக்டர்" என்று கேட்ட மனிதர்.

அப்பேர்ப்பட்டவர், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேரத்தையும் கழற்றி வைத்துவிடுவார். வீட்டுக்குள் மனைவி சொன்னதுதான் விலை. அதற்குக் காரணம் ஹாலின் மூலையில் விரிப்புப் போர்த்தி நின்றுகொண்டிருந்தது.

மரப்பெட்டிக்குள் அடங்கிய பழைய கலர் டிவி. நாலு கால், இழுத்து மூடும் மடிப்புக் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு, வரிசையாக வட்டத் திருகுகள். அந்தத் தெருவுக்கு வந்த முதல் கலர் டிவி அதுதான். விற்றவன் பாதிக்கு இறங்கவில்லை. முக்காலுக்கு இறங்கினான். "மின்சாரம் கூடிக் குறைஞ்சா தாங்காது, ஸ்டெபிலைசரும் சேர்த்து வாங்கிக்குங்க" என்றான். "அதைப் பாதிக்குக் குடு" என்றார் இவர். "முடியாது" என்றான் அவன். "அப்ப வேண்டாம்" என்று வந்துவிட்டார்.

பெட்டி வந்த மாதமே, மனைவி டிவியில் பாடப்போவதாகச் செய்தி வந்தது. பெண்கள் நிகழ்ச்சி. ஐந்தாறு பேர் சேர்ந்து நின்று பாடும் பாட்டில் நாலே வரி. படப்பிடிப்பு நடந்த அன்று அரைவிலைக்குக் கடையில் சரக்கு இறங்கியது, கூடப் போக முடியவில்லை. அவள் தனியாகப் போய்விட்டு வந்தாள். ஆனால் அவள் போகும் முன்பே விஷயம் தெருவில் கடைசி வீடு வரைக்கும் போயிருந்தது.

ஒளிபரப்பு நாளன்று ஹாலில் எள் விழ இடமில்லை. "முன்னாடி உட்கார்ந்து என்னால பாக்க முடியாது, வெட்கமா இருக்கு" என்று அவள் பெட்டிக்குப் பின்னால் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். அறிவிப்பு செய்கிறவள் ரோஜா நிறப் புடவையில் சிரித்து, "அடுத்ததாக" என்றாள்.

பட்.

ஒரு நீலக் கீற்று. அப்புறம் இருட்டு. பெட்டிக்குப் பின்னாலிருந்து சன்னமாக ஒரு புகை எழுந்தது, அந்தப் புகைக்குள்ளிருந்து அவள் வந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி தோளில் வழிய, கண்ணில் நீர் தளும்ப, யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கும் முன்பே சொன்னாள்: "அந்த ஒரு ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

தெரு முழுக்க அரைவிலையைத் திரும்பிப் பார்த்தது.

அது நடந்து முப்பது வருஷம் இருக்கும். பெட்டியை மறுவாரமே யாரோ ஒரு ஃபியூஸைப் போட்டு எழுப்பிவிட்டார்கள், புது டிவி வரும்வரை அது ஓடியது. அவர்தான் எழவில்லை. கண்ணை மூடினால் அந்தப் புகையும் அந்த அவிழ்ந்த கூந்தலும். கோபத்தில் அத்தனை அழகாக இருந்த ஒரு பெண்ணை அவர் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் கோபப்படத் தேவையே வரவில்லை. 'ஸ்டெபிலைசர்' என்று ஒரு சொல் போதும். ஹால் சுவருக்கு அவர் கேட்ட வெள்ளை போய் அவள் கேட்ட வெளிர்ப்பச்சை வந்தது. அவள் தம்பி 'ரெண்டு நாளைக்கு' என்று வந்து இரண்டு வருஷம் தங்கினான். எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

இப்போது அவள் கடைசியாகக் கை வைத்திருந்தது கடையின் மேல்.

"இந்த வருஷத்தோட கடையை ஏறக்கட்டிட்டு மக ஊருக்கே போயிடலாங்க."

"கடையை விட்டுட்டா நான் யாரு? வெறும் ஓட்டை, பட்டன் இல்லாத ஓட்டை!"

"ஆசைப்பட்டு நான் கேட்டது எது நடந்திருக்கு? அன்னைக்கு ஒரு ஸ்டெபிலைசர்..."

அவர் வாயை மூடிக்கொண்டார். அடுத்த நாள்தான் மகள் ஃபோனில் சொன்னாள். பழைய நிகழ்ச்சிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி போடுகிறார்களாம், வருகிற ஞாயிறு ஐந்து மணிக்கு அம்மாவின் நிகழ்ச்சியாம்.

"புது டிவியிலயே பாத்துக்கலாமே அப்பா."

"எந்தக் கல்லாவுல கடன் விழுந்துச்சோ அந்தக் கல்லாவுலதாம்மா கட்டணும்."

கடன் தீர்ந்தால் ஸ்டெபிலைசர் என்ற சொல் செல்லாக்காசு. அப்புறம் கடையைப் பற்றிச் சமமாக உட்கார்ந்து பேசலாம். கணக்கு சுத்தமாக இருந்தது.

மனைவி மட்டும் உற்சாகம் காட்டவில்லை. "வேண்டாங்க. பழசைக் கிளறாதீங்க. ஞாயித்துக்கிழமை எங்கயாவது வெளியே போயிட்டு வரலாம்."

அவர் நெஞ்சு இளகியது. மறுகணமே உள்ளேயிருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். சரக்கைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்புகிறவன்தான் கடைசியில் வாங்குகிறவன். இது தெரியாமலா இத்தனை வருஷம் கடை நடத்தினார்?

இப்படியாக வியாழக்கிழமை மத்தியானம் மெக்கானிக் வந்து, பெட்டியின் முதுகைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, "ஆகா" என்றார். தூங்குகிற குழந்தையைப் பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது. சாம்பல் நிறத் தூசி உள்ளே பஞ்சுமெத்தையாகப் படிந்து கிடந்தது. ஜன்னல் வெயில் அதில் பட்டதும் தூசி எழுந்து, பொன் துகளாக ஹால் முழுக்கத் திரிய ஆரம்பித்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் உள்ளே கிடந்ததையெல்லாம் இடுக்கியால் பொறுக்கி ஒரு பீங்கான் தட்டில் வைத்தார். ஒரு பல்லியின் எலும்பு, ஒரு பஸ் டிக்கெட், வளைந்து கறுத்த கொண்டை ஊசி ஒன்று, ஒரு பட்டன்.

"நில்லு!" என்று அரைவிலை பாய்ந்தார். பட்டனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "சிப்பி! அசல் சிப்பிப் பட்டன், ரெண்டு ஓட்டை! இந்தச் சரக்கு இப்ப எங்க கிடைக்குது? இதோட பளபளப்பைப் பாரு, உள்ளே வானவில் ஓடுது. அப்பா காலத்து ஸ்டாக்குய்யா இது!"

மனைவி தட்டைப் பார்த்தாள். "குப்பையைத் தூக்கிப் போட்டுடறேன், குடுங்க."

"இருக்கட்டும்மா," என்றார் மெக்கானிக், தட்டைத் தன் பக்கம் இழுத்து. "உள்ளே கிடந்ததை வேலை முடிஞ்சதும் கணக்கோட சேர்த்துத்தான் ஒப்படைப்பேன். அது என் பழக்கம். பட்டனையும் வைங்க முதலாளி."

அவர் மனசே இல்லாமல் வைத்தார்.

இரண்டு கண்டென்சர் மாறியது. இன்றைய இணைப்பு பழைய பெட்டிக்கும் புரியும்படி ஒரு சின்னக் கருவியையும் மெக்கானிக் நடுவில் மாட்டினார். திருகைத் திருப்பினார். பெட்டி உடனே எதுவும் செய்யவில்லை. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களைப்போல முதலில் தொண்டையைக் கனைத்தது. சூடான தூசியின் வாசம் வந்தது. நடுவில் ஒரு புள்ளி பூத்து, மெல்ல விரிந்து, நிறம் பிடித்து...

பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் கீழேயும் கறுப்பு, நடுவில் ஒரு பட்டையாகப் படம். செய்தி வாசித்த பெண்ணின் முகம் யாரோ மேலே உட்கார்ந்து எழுந்ததுபோல் தட்டையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். இரண்டு வருஷம் தங்கியவன், இப்போது அடுத்த தெருவில் இருந்துகொண்டு சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வருகிறவன்.

"பரவாயில்லையே மாமா! பாதி விலைக்குக் கரெக்டா பாதிப் படம் குடுத்திருக்கான். நாணயமான பெட்டி."

மறுநாள் மற்ற இரண்டு கண்டென்சர்களும் வந்தன. அவை முழு விலைக்கு வந்தன, ஏனென்றால் மெக்கானிக்குக்குப் பேரம் புரியவே இல்லை. விலையைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணோடு பேரம் பேச அரைவிலைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

படம் முழுசாக நின்றது. மெக்கானிக் பெட்டியை அணைத்தார். "டீ குடிச்சிட்டு வரேன். ஒரு மணி நேரம் உள்ளே கை வைக்காதீங்க. பிக்சர் டியூப்ல கரண்ட் தங்கியிருக்கும், அது மெதுவாத்தான் போகும்."

"ஒரு மணி நேரமா?"

"ஒரு மணி நேரம்."

அரைமணி நேரம் அரைவிலை கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு மேல் அவர் ரத்தம் இடம் கொடுக்கவில்லை. ஒரு மணி என்று சொன்னால் அரைமணி என்றுதானே அர்த்தம்? இன்னும் கொஞ்சம் தூசி ஒட்டியிருந்தது. கடையில் பட்டன் பெட்டி துடைக்கும் தூரிகையை எடுத்துக்கொண்டு உள்ளே கையை விட்டார்.

அடுத்து அவர் சோபாவில் இருந்தார். எப்படி வந்தார் என்று தெரியவில்லை. நடந்து வந்த ஞாபகம் இல்லை.

ஹால் முழுக்கப் பட்டன்கள் மிதந்தன. சிப்பி, கொம்பு, பித்தளை, சிவப்பு, ஊதா. ஒவ்வொன்றும் மெல்லச் சுழன்றுகொண்டு, ஜன்னல் வழியாக வெளியே போய் மேகத்தில் தம்மைத் தாமே தைத்துக்கொண்டன. வெளிர்ப்பச்சைச் சுவர் குளத்துத் தண்ணீர்போல அசைந்தது. அதற்குள்ளிருந்து அவிழ்ந்த கூந்தலோடு ஒரு முகம் அவர்மேல் குனிந்தது.

"டஜன் என்ன விலை?" என்று அவர் கேட்டார்.

"ஐயோ, என்னங்க! கண்ணைத் திறங்க!" மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். "உயிரு போயிருந்தா என்னாகறது? போதும் விட்டுடுங்க. நான் உங்களை மன்னிச்சுட்டேன். எப்பவோ மன்னிச்சுட்டேன்."

முப்பது வருஷமாகக் காத்திருந்த சரக்கு, வாசல் தேடி, இலவசமாக வந்து நின்றது. அரைவிலைக்கு அதுதான் பிடிக்கவில்லை. இலவசமாக வருகிற சரக்கில் எங்கோ ஓட்டை இருக்கும்.

"அதெல்லாம் வேண்டாம். கொடுத்துத் தீர்த்துட்டுத்தான் வாங்கிப்பேன்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க. அன்னைக்கு..."

"சொல்லாதே. எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை நீ பாடிக் கேட்டப்புறம் சொல்லு. முப்பது வருஷமா உன் பாட்டை நான் சமையலறைக் கதவுக்கு வெளியே நின்னுதான் கேட்டிருக்கேன். உள்ளே வந்தா நிறுத்திடுவே."

அவள் விசிறியை நிறுத்தினாள். பிறகு மறுபடி விசிற ஆரம்பித்தாள்.

மெக்கானிக் டீ குடித்துவிட்டுத் திரும்பி, சோபாவையும் தூரிகையையும் பார்த்தார். அரைவிலை பறந்தபோது முழங்கை பட்டு உள்ளே ஒரு சர்க்யூட் பலகை பிளந்திருந்தது. படம் வந்தது, நிறம் போய்விட்டது.

"கலர் டிவியைக் கறுப்பு வெள்ளை ஆக்கிட்டீங்களே மாமா," என்றான் மச்சான். "போற போக்கைப் பாத்தா நாளைக்கு ரேடியோ ஆக்கிடுவீங்க."

சனிக்கிழமை முழுக்க மெக்கானிக் அந்தப் பலகையை ஒட்டினார். சாயங்காலம் நிறம் திரும்பியது. அது எப்படிப்பட்ட நிறம்! புது டிவியின் நிறம் கண்ணைக் குத்தும். இது கண்ணில் வந்து உட்காரும். யாரோ ஒரு மனிதர் கோதுமை வயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வயலில் இறங்கிப் படுத்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

"இனிமே பயமில்லை," என்றார் மெக்கானிக் கொட்டாவியோடு. "காந்தம் எதையும் மட்டும் ஆறடிக்குள்ள கொண்டு வராதீங்க. நிறம் கலங்கிடும்."

காந்தம் யார் வீட்டில் இருக்கிறது? அரைவிலை வீட்டில் இருந்தது. கைப்பைகளுக்கு வைக்கிற காந்தப் பட்டன், புதுச் சரக்கு, இரண்டு பெட்டி. கடையில் இடமில்லாமல் ஹாலில் இறக்கியிருந்தார். ஆறடி என்றால் மூன்றடி என்று, பெட்டிகளைச் சுவரோரம் தள்ளி வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஒரு பிடி பட்டனைக் கையில் அள்ளி, டக் டக்கென்று அவை ஒட்டிக்கொள்வதை மச்சானுக்குக் காட்டிக்கொண்டிருந்தவர், பேச்சு பாட்டின் பக்கம் திரும்பியதும் எழுந்து டிவி அருகே போய்விட்டார்.

"நாளைக்கு இந்நேரம் உங்கக்கா நிக்கப்போற இடம் எது தெரியுமா? இதோ, இங்க!" என்று அந்தப் பிடியோடு திரையைத் தொட்டுக் காட்டினார்.

திரையில் ஊதா நிறத்தில் ஒரு பூ விரிந்தது. அதைச் சுற்றிப் பச்சை. அதைச் சுற்றி, பழுத்த மாலை வானம். கையை எடுத்தார். பூ போகவில்லை. கோதுமை வயல் கடலாகி, பேசிக்கொண்டிருந்தவரின் ஒரு கன்னம் பச்சை, ஒரு கன்னம் ரோஜா. மனிதருக்கு அது தெரியாது. விளைச்சலைப் பற்றிச் சிரித்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு வந்த மனைவி நின்று பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு," என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "இப்படியே விட்டுடுங்க. ஆளே அடையாளம் தெரியலை."

ஞாயிறு நாலரைக்கு மெக்கானிக் ஒரு பெரிய கம்பிச்சுருள் வளையத்தோடு வந்தார். ஒட்டிய காந்தத்தைக் கழற்றுகிற வளையம். அதைத் திரைக்கு முன்னால் பிடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வர வேண்டும். சுற்றச் சுற்றத் திரையில் நிறங்கள் பொங்கின, வழிந்தன, ஒன்றையொன்று விழுங்கின. பாதி மூடிய கண்ணோடு அவர் வளையம் சுழற்றுவதைப் பார்க்க, யாரோ தூக்கத்தில் நிலவைத் துடைப்பதுபோல் இருந்தது. மாடி வீட்டுக்காரரும் மச்சானும் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் எத்தனை சுத்து?" என்றார் அரைவிலை.

"பாதி ஆயிருக்கு."

"பாதி போதும்! மணி அஞ்சு! தள்ளு, தள்ளு!"

"முதலாளி, நல்லாத் தள்ளி வந்துதான் நிறுத்தணும்..."

தள்ளிவிட்டார். ஊதாப்பூ போய்விட்டது, ஆனால் திரை முழுக்க அந்தி நேரம் தங்கிவிட்டது. எல்லாமே லேசான ரோஜா. ஓரங்களில் பாசிப்பச்சை. அறிவிப்பு செய்கிறவள் அதே புடவையில் சிரித்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்குவதுபோல் "அடுத்ததாக" என்றாள்.

அரைவிலை காதைப் பொத்திக்கொண்டார். பட் என்று எதுவும் வெடிக்கவில்லை.

ஐந்து பெண்கள் நின்றார்கள். பாட்டு ஆரம்பித்தது. கரைக்கு வராமல் கரையோரமாகவே போகிற ஒரு படகைப் பற்றிய பாட்டு. அவர் கண்கள் இடமிருந்து வலமாக ஓடி, மூன்றாவது முகத்தில் நின்றன. மங்கலான ரோஜா முகம், தாழ்ந்த இமை. அவர் கண் நிறைந்தது.

"அதோ! மூணாவது! அப்படியே இருக்கா பாரு!"

"அது நான் இல்லை," என்றாள் மனைவி. "அவ மூக்கைப் பாருங்க."

"அப்ப ரெண்டாவது."

"அவ என்னைவிடப் பத்து வயசு பெரியவ."

"கடைசி? அந்த ஓரத்துல?"

"அது வீணைங்க. சாத்தி வச்சிருக்காங்க."

பாட்டு முடிந்தது. கைதட்டல். ஐந்து பேரும் தனித்தனியாகச் சிரித்து வணங்கினார்கள். ஐந்திலும் அவள் இல்லை. அடுத்து யாரோ பூந்தொட்டிக்கு வண்ணம் அடிக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மாடி வீட்டுக்காரர் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "ஆறு பேராத்தான் நின்னோம். எனக்குப் பாட்டுக்கு நடுவுல சிரிப்பு வந்துடுச்சு. மறுபடி எடுத்தாங்க, மறுபடியும் வந்துடுச்சு. மூணாவது தடவை 'நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா'ன்னுட்டாங்க. எப்படியாவது சேர்த்திருப்பாங்கன்னு ஒரு நப்பாசைதான்."

அரைவிலை எழுந்து நின்றார். முகத்தில் ஏதோ கூட்டல் நடந்துகொண்டிருந்தது.

"அப்ப, அன்னைக்கு இந்தப் பெட்டி புகையாம இருந்திருந்தா?"

"தெருவே பாத்திருக்கும். சந்தி சிரிச்சிருக்கும்."

"நான் ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தா?"

"என் மானம் போயிருக்கும்."

"கேட்டியா மச்சான்!" அவர் குரல் கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும். "என் கஞ்சத்தனம்தான் உங்கக்கா மானத்தைக் காப்பாத்திச்சு! முப்பது வருஷமா நான் கடன்காரன்னு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். கடைசியில பாத்தா எனக்குத்தான் வரணும்! இப்ப சொல்லு, கடையை மூடணுமா?"

"மூட வேண்டாம்," என்றாள் அவள். பிறகு கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது. "பாதி நாள் திறங்க."

அரைவிலை திகைத்துப்போனார். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் பாதியில் ஆரம்பிக்கிறார். எதிர்ப்பேரம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

"சம்மதம். கொசுறா ஒண்ணு வேணும். அந்த நாலு வரியைப் பாடு."

"இப்பவா? இத்தனை பேர் முன்னாடியா?"

"சிரிப்பு வந்தா வரட்டும். இங்க யாரும் ஓரமா நிக்கச் சொல்ல மாட்டாங்க."

மச்சான் எழுந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தான். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரோஜா வெளிச்சம் திரையிலிருந்து இறங்கித் தரையில் பாய்போல விரிந்திருந்தது. அவள் அதன் ஓரத்தில் வந்து நின்றாள். நரைத்த கொண்டையிலிருந்து ஊசியை உருவி, வாயில் கவ்வி, முடியை இறுக்கிச் சுற்றி, ஊசியை மறுபடி சொருகினாள். பாடினாள்.

குரல் முதலில் தயங்கியது. பிறகு அந்தப் படகைப்போலவே மெதுவாக நகர்ந்தது. வெளிர்ப்பச்சைச் சுவர் தண்ணீரானது. இரண்டாம் வரியில் மாடி வீட்டுக்காரர் கண்ணை மூடினார். மூன்றாம் வரியில் மெக்கானிக் கண்ணைத் திறந்தார். அவர் கண்ணை முழுசாகத் திறந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நாலாம் வரியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாடி முடித்தாள். அரைவிலை அந்தச் சிரிப்புக்குத்தான் அழுதார்.

படகு போய்விட்ட பிறகு தண்ணீர் அடங்குவதுபோல ஹால் அடங்கியது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, ஜமீன்தார் தோரணையில் அவர் சொன்னார்:

"சரிப்பா, உன் கணக்கைச் சொல்லு. இன்னைக்குப் பேரமே கிடையாது."

மெக்கானிக் அவள் கொண்டையைப் பார்த்தார். பிறகு பீங்கான் தட்டைப் பார்த்தார். அதை எடுத்துவந்து மேஜைமேல் வைத்து, பழைய தூக்கக் குரலில், விரல் விட்டு ஒப்பித்தார்:

"கண்டென்சர் நாலு, ஃபியூஸ் ஒண்ணு, உடைஞ்ச பலகை ஒட்டினது, என் கூலி, இதெல்லாம் உங்க கணக்கு முதலாளி. சிப்பிப் பட்டன் ஒண்ணு, உங்க வரவு. இந்தப் பெட்டி ஒரு நாளும் கரண்ட் கூடிக் கெட்டுப்போனதில்லை. போயிருந்தா முதல்ல வேகவேண்டிய பாகமெல்லாம் புதுசாவே இருக்கு. முதுகு ஓட்டை வழியா ஃபியூஸ் மேல சொருகி, ரெண்டு முனையும் உருகின கொண்டை ஊசி ஒண்ணு மட்டும் மிச்சம் இருக்கு, அது அம்மா கணக்கு."